முதல் ஆம்ப்: வாட்டைப் பார்க்காதே, வீட்டைப் பார்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறான். செகண்ட் ஹேண்டில் ஒரு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கிவிட்டான். ஸ்ட்ராட் வடிவம், மூன்று சிங்கிள் காயில் பிக்அப் (கம்பியின் அதிர்வைப் பிடித்துச் சிக்னலாக்குவதுதான் பிக்அப்). கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப் இன்னும் வாங்கவில்லை, கையில் 12,000 ரூபாய் இருக்கிறது. குடியிருப்பது லைன் வீடு, பக்கத்து வீட்டுக்கும் இவர்களுக்கும் நடுவே ஒரே சுவர். அப்பாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. ஷிஃப்ட் மாறி மாறி வருவதால் பகலிலும் தூங்குவார். தங்கை பிளஸ் டூ. அவன் கேட்டதை அப்படியே தருகிறேன்: "எத்தனை வாட் வாங்கணும்ணா? வால்வு ஆம்ப்தான் ஒரிஜினல் சவுண்டுன்னு வீடியோவுல சொல்றாங்க, நிஜமா? மைக் செட் வெச்சிருக்கிற மாமா, தன்கிட்ட சும்மா கிடக்கிற அஹுஜாவே போதும்ங்கிறார். அமெரிக்காவுல இருக்கிற பெரியம்மா பையன் வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வரேங்கிறான். எதைக் கேட்கிறது?"

தம்பி, நீ கேட்ட நாலு கேள்வியையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஒற்றைச் சுவர்தான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தர்மபுரியில் எங்கள் அப்பா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார், இப்போது அந்தக் கடை என்னிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறேன். என் முதல் ஆம்ப் 60 வாட். பெங்களூரில் யாரோ விற்றதை வாங்கி, பஸ்ஸில் கண்டக்டரிடம் லக்கேஜுக்குத் தனியாகக் காசு கொடுத்து, மடியில் பாதியும் படிக்கட்டில் பாதியுமாகக் கொண்டுவந்தேன். வீட்டில் வைத்து வால்யூம் திருகை ஒரு துளி நகர்த்தினால் ஜன்னல் கம்பி அதிரும். அந்த ஒரு துளிக்குக் கீழே இறக்கினால் சத்தமே வராது. இரண்டுக்கும் நடுவே எனக்குக் கிடைத்த இடம் ஒரு நூலளவு. அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பதற்குள் அணைத்துவிடுவேன். அணைத்து அணைத்து, கொஞ்ச நாளில் போடுவதையே விட்டுவிட்டேன். இரண்டு வருடம் அதன் மேல் துணி மூடி இருந்தது. கடைசியில் ஒரு மெல்லிசைக் குழுவுக்குப் போனது. அங்கே போய்தான் அது முதன்முறையாக மூச்சு விட்டிருக்கும்.

முதல் ஆம்புக்கு ஒரே வேலைதான் உண்டு. நீ தினமும் கிட்டாரை எடுக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், அந்த வீட்டில், யாரும் முகம் சுளிக்காமல் நல்ல சத்தம் தர வேண்டும். மேடை, கல்லூரி விழா எல்லாம் பிறகு வரட்டும்.

சரி, வாட் கணக்கு. 20 வாட் ஆம்ப் 10 வாட் ஆம்பைப் போல இரண்டு மடங்கு சத்தம் போடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல். "கொஞ்சம் ஏற்றினாயா?" என்று கேட்கிற அளவுக்குத்தான் வித்தியாசம் தெரியும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் வாட் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். அப்படியானால் 100 வாட் ஆம்ப், அதே மாதிரி ஸ்பீக்கர் கொண்ட 10 வாட் ஆம்பைவிட இரண்டு மடங்கு சத்தம், அவ்வளவுதான். இன்னொரு பக்கமும் பார். நல்ல 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கருக்கு வெறும் 1 வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தள்ளி 97 முதல் 100 டெசிபல் வரை கேட்கும். மிக்ஸியில் தேங்காய் அரைக்கும் சத்தத்தைவிட அதிகம் அது. உன் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வாட்டே அதிகம்.

அப்படியானால் 100 வாட் ஆம்பை ஏன் செய்தார்கள் என்று கேட்பாய். லண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962இல் ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்பை மாதிரியாக வைத்துத் தன் முதல் ஆம்பைச் செய்தார். 1965 வாக்கில் தி ஹூ என்ற ராக் குழுவினர் இன்னும் சத்தம் வேண்டும் என்று கேட்க, 100 வாட் வந்தது. அந்தக் காலத்து அரங்குகளில் மைக் செட் பாடகர் குரலுக்கே திணறும். கிட்டார் சத்தம் கடைசி வரிசைக்குப் போக வேண்டுமானால் மேடையில் நிற்கும் பெட்டியே தள்ள வேண்டியிருந்தது. இன்று அந்த அவசியம் இல்லை. எங்கள் சர்ச்சில் சின்ன ஆம்பை ஸ்டூலில் வைத்து, முன்னால் ஒரு மைக் நிறுத்திவிடுவோம். மிச்சத்தை மைக் செட்காரர் பார்த்துக்கொள்வார். உனக்கு 3 வாட்டிலிருந்து 25 வாட் வரை எது கிடைத்தாலும் சரி.

வாட்டைவிட ஸ்பீக்கரின் அளவைப் பார். 3 அங்குலம், 4 அங்குலம் என்றால் பேஸ் ஒல்லியாக இருக்கும். 6, 8 அங்குலத்தில் கனமான கம்பிகளுக்குக் கொஞ்சம் உடம்பு வரும். பெட்டியின் அளவும் இதில் சேரும். ஆனால் உன் நிலைமையில் பாதி நேரம் ஹெட்ஃபோனில்தான் வாசிக்கப் போகிறாய், அதனால் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

மாமாவின் அஹுஜாவுக்கு வருவோம். அவர் சொல்வதில் தப்பில்லை. அது நல்ல ஆம்ப். நம் பக்கம் மாரியம்மன் பண்டிகையிலிருந்து கட்சிக் கூட்டம் வரை அதில்தான் ஓடுகிறது. ஆனால் அது பேச்சுக்கும் பாட்டுக்கும் செய்தது. கிட்டார் பிக்அப்பிலிருந்து வருவது மெலிந்த சிக்னல், அதன் இம்பிடன்ஸும் (ஓமில் அளக்கும், மின்தடை மாதிரியான ஒன்று) அதிகம். கிட்டார் ஆம்பின் இன்புட் பொதுவாக 1 மெகா ஓம் இருக்கும், அதனால் சிக்னலை இழுத்துப் பிடிக்காமல் வாங்கிக்கொள்ளும். மைக்குக்காகச் செய்த இன்புட் அதைவிட மிகக் குறைவு. அதில் கிட்டாரைக் குத்தினால் பிக்அப்புக்குப் பாரம் ஏறி, டிரெபிள் செத்து, கம்பளிக்குள்ளிருந்து வாசிப்பதுபோல வரும்.

ஸ்பீக்கர் விஷயம் இன்னும் முக்கியம். கிட்டார் ஆம்பில் ட்வீட்டர் கிடையாது. அந்த ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கடகடவென்று இறங்கிவிடும். குறையல்ல அது, அதில்தான் விஷயமே இருக்கிறது. ஓவர்டிரைவ் போடும்போது உண்டாகும் கரகரப்பில் காதைக் கிழிக்கும் மேல் பகுதியை அந்த ஸ்பீக்கர்தான் வடிகட்டுகிறது. அதே ஓவர்டிரைவை ஹார்ன் குழாயிலோ, ட்வீட்டர் வைத்த பாக்ஸிலோ நேரே விட்டால் ரம்பத்தால் தகரம் அறுப்பதுபோல இருக்கும். ஹோம் தியேட்டர், புளூடூத் ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். புளூடூத்தில் இன்னொரு வம்பும் உண்டு. நீ கம்பியைத் தட்டிய பிறகு சத்தம் தாமதமாக வரும், தாளம் பிடிக்கவே முடியாது. மாமாவிடம், "மேடைக்குப் போகும்போது உங்க செட்டுதான் மாமா" என்று சொல்லி வை. நிஜமாகவே தேவைப்படும்.

உன் ஃபிரண்டு யாராவது பிக்அப் வைத்த அக்கூஸ்டிக் கிட்டார் வைத்திருந்தால் அவனுக்குக் கணக்கு தலைகீழ். அதற்கு ட்வீட்டர் வேண்டும், முழு அலைவரிசையும் வேண்டும். அக்கூஸ்டிக் ஆம்ப் என்று தனியாகவே விற்கிறார்கள். எலக்ட்ரிக் கிட்டார் ஆம்பில் அதைக் குத்தினால் டப்பா சத்தம் வரும், கொஞ்சம் ஏற்றினால் ஊளையிடும்.

வால்வு. இதைப் பற்றிப் பேச எனக்குப் பிடிக்கும். அப்பா கடையில் பெங்களூர் பி.இ.எல். ரேடியோ வால்வுகள் அட்டைப் பெட்டிகளில் அடுக்கி இருக்கும். ரேடியோவைப் போட்டதும் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் மெல்ல எரிய ஆரம்பிக்கும், அரை நிமிடம் கழித்துத்தான் பாட்டு வரும். கிட்டார் வால்வு ஆம்பும் அதே சாதிதான். வால்வைத் தாங்கமுடியாத அளவுக்கு விரட்டும்போது அது ஒரேயடியாக வெட்டாமல், வளைந்து வளைந்து கரகரக்கும். மெதுவாக மீட்டினால் தெளிவு, அழுத்தி மீட்டினால் உறுமல். விரலுக்கு அது பதில் சொல்லும் விதம் இருக்கிறதே, அதற்காகத்தான் இன்னும் காசு கொட்டுகிறார்கள். வீடியோவில் சொல்வது பொய்யில்லை.

ஆனால் விரட்டினால்தானே அந்தச் சத்தம்? விரட்டுவதென்றால் வால்யூம். 15 வாட் வால்வு ஆம்பை அந்த நிலைக்குக் கொண்டுபோனால் உன் தெருவே வாசலுக்கு வந்துவிடும். குறைந்த சத்தத்தில் வைத்தால் நீ காசு கொடுத்த விஷயம் கிடைக்காது. கனம், டிரான்ஸ்ஃபார்மர், சில வருடத்துக்கு ஒருமுறை வால்வு மாற்றும் செலவு எல்லாம் தனி. ஸ்பீக்கர் இணைப்பு இல்லாமல் ஓடவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். உள்ளே 300, 400 வோல்ட் டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் அது தங்கி நிற்கும். ரிப்பேர் கடைக்காரனாகச் சொல்கிறேன், தெரியாமல் யாரும் கை வைக்கக் கூடாத பெட்டி அது. உன் பட்ஜெட்டிலும் வராது, அது ஒரு நல்ல காலம்.

மிச்சம் இரண்டு வகை. ஒன்று சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப். நாலைந்து திருகு, ஒரு சுவிட்ச், முடிந்தது. இன்னொன்று மாடலிங் ஆம்ப். உள்ளே ஒரு சிப் உட்கார்ந்து, பல வால்வு ஆம்ப்களின் குணத்தைக் கணக்குப் போட்டுப் போலச் செய்யும். லைன் சிக்ஸ் நிறுவனம் 1996இல் இப்படி ஒரு ஆம்பை முதலில் கொண்டுவந்தது. அன்றைக்கு அது பெரிய ஆள்கள் சமாச்சாரம், இன்றைக்கு உள்ளங்கை அளவு பெட்டியிலும் வந்துவிட்டது. ஓவர்டிரைவைச் சிப்பே உண்டாக்குவதால் வால்யூம் ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை. ராத்திரி பத்து மணிக்குத் தங்கை பக்கத்து அறையில் படிக்கும்போதும் உறுமல் கிடைக்கும். லைன் வீட்டுக்கு இதைவிட ஏற்றது வேறில்லை.

பெயர் சொல்லாமல் விட்டால் நீ திரும்பவும் கேட்பாய், அதனால் சொல்லிவிடுகிறேன். பாஸ் கட்டானா மினி: 7 வாட், 4 அங்குல ஸ்பீக்கர், மூன்று விதச் சத்தம், ஆறு பென் டார்ச் பேட்டரியிலும் ஓடும். ரோலண்ட் மைக்ரோ கியூப் ஜிஎக்ஸ்: 3 வாட், 5 அங்குலம், இதுவும் ஆறு பேட்டரி, உள்ளேயே டியூனரும் எஃபெக்ட்களும் உண்டு. பழசு கிடைத்தாலும் தைரியமாகப் பார்க்கலாம், சுலபத்தில் சாகாத பெட்டி. ஃபெண்டர் ஃபிரண்ட்மேன் 10ஜி: 10 வாட், 6 அங்குலம், டிரான்சிஸ்டர் வகை. மூன்றில் விலை குறைவு பொதுவாக இதற்குத்தான். எஃபெக்ட் என்று எதுவும் இல்லை, ஆனால் கிளீன் சத்தம், அதாவது கரகரப்பில்லாத சத்தம், தெளிவாக இருக்கும். இளையராஜா பாட்டுகளில் வரும் மாதிரி தெளிவான கிட்டார்தான் உன் ஆசை என்றால் இதுவே போதும். இன்னும் கொஞ்சம் பணம் சேர்க்க முடிந்தால் ஃபெண்டர் மஸ்டாங் எல்டி25, 25 வாட், 8 அங்குலம். விலை மாதத்துக்கு ஒரு மாதிரி ஏறி இறங்குவதால், வாங்கும் வாரத்தில் இரண்டு மூன்று இடத்தில் விசாரித்துக்கொள். ஸ்ட்ரேஞ்சர் போன்ற நம் நாட்டு ஆம்ப்களில் மைக்கும் கிட்டாரும் சேர்த்துக் குத்தும் வகை உண்டு. பாடிக்கொண்டே வாசிப்பவர்களுக்கு அது வசதி.

எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், உன் வீட்டுக்குக் கட்டானா மினி அல்லது மைக்ரோ கியூப். காரணம் சத்தத்தின் தரம் மட்டுமல்ல, பேட்டரி. அதற்குப் பிறகு வருகிறேன்.

எதை வாங்கினாலும் இரண்டு ஓட்டைகளைப் பார்த்து வாங்கு. ஒன்று ஹெட்ஃபோன் ஜாக். இரண்டாவது ஆக்ஸ் இன். ஃபோனிலிருந்து பாட்டை ஆம்புக்குள் விட்டு, அதோடு சேர்ந்து வாசிப்பதற்கு அது. கையால் தாளம் போட ஆள் இல்லாமல் தனியாகக் கற்றுக்கொள்பவனுக்கு அதுதான் டிரம்மர், அதுதான் பாஸ் கிட்டார். சில நல்ல ஆம்ப்களிலேயே ஆக்ஸ் இருக்காது, கேட்டு வாங்கு. பட்ஜெட் இன்னும் இறுக்கமென்றால், கிட்டார் ஜாக்கிலேயே நேராகக் குத்தும் தீப்பெட்டி போன்ற ஹெட்ஃபோன் ஆம்ப் இருக்கிறது. வாக்ஸ் ஆம்பிளக் அப்படிப்பட்டது. இரண்டு சின்ன பேட்டரி போதும். ஒரு வருடம் அதிலேயே கற்றுக்கொண்ட பையன்களை எனக்குத் தெரியும்.

அமெரிக்கா ஆம்ப். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்ல மாட்டேன். பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல். '120V 60Hz' என்று மட்டும் இருந்தால் வேண்டாம். நம் வீட்டில் வருவது 230 வோல்ட். என் கடைக்கு ஒரு முறை அப்படி ஒன்று வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் ஆசையாகக் கொண்டுவந்தது, பிளக் மாற்றி நேராகக் குத்தியிருக்கிறார்கள். ஃபியூஸ் போய், டிரான்ஸ்ஃபார்மர் கருகி, வார்னிஷ் நாற்றம் கடை முழுக்க. வீட்டில் கல்யாண நாள் வேறு. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம்தான், ஆனால் அது தனியாக ஒரு சுமை, எவனாவது ஒருநாள் மறந்து நேராகக் குத்துவான். ஆனால் அடாப்டரில் '100-240V' என்று இருந்தாலோ, ஃபோன் மாதிரி யுஎஸ்பியில் சார்ஜ் ஏறும் வகையாக இருந்தாலோ தாராளமாக வாங்கி வரச் சொல். கெட்டுப்போனால் வாரண்டி அங்கேதான் என்பதை மட்டும் மனதில் வை.

இனி நீ கேட்காத விஷயம். எனக்கு இதுதான் பெரிது. எர்த்.

கிட்டாருக்குள் பிரிட்ஜிலிருந்து (கம்பிகள் உட்காரும் உலோகத் துண்டு) ஒரு ஒயர் ஜாக்கின் எர்த் பக்கத்துக்குப் போகிறது. கம்பிகள் பிரிட்ஜைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. கேபிளின் ஷீல்டு வழியாக அது ஆம்பின் சேசிஸுக்கு, அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்துக்குப் போய், அங்கிருந்து மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னுக்கும், சுவருக்குள் இருக்கும் எர்த் ஒயருக்கும் போகிறது. அதாவது, கரண்டில் ஓடும் ஆம்பில் குத்தியிருக்கும்போது நீ கம்பியைத் தொட்டால் உன் வீட்டு எர்த்தைத் தொடுகிறாய். அந்த எர்த் நிஜமாக மண்ணுக்குப் போனால் நல்லது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில், வாடகை லைன் வீடுகளில், பாதிக்குப் பாதி அந்த மூன்றாவது ஓட்டை அலங்காரத்துக்கு இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பின்னால் ஒயரே இருக்காது. சிலர் பெரிய பின்னை உடைத்துவிட்டு டூ பின்னில் குத்துவார்கள். ஆம்பில் எங்காவது லீக் வந்தால் கரண்டுக்குப் போக வேறு வழி இல்லை, நீதான் வழி.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 1972 மே 3 அன்று, பிரிட்டனில் ஸ்வான்ஸீ நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி மேடையில் ஒரு கையில் கிட்டார் கம்பியைப் பிடித்தபடி எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டார். அங்கேயே போய்விட்டார். கிட்டார் ஒரு செட்டிலும் மைக் இன்னொரு செட்டிலும் இருக்கும்போது இந்த ஆபத்து கூடும். நம் ஊர்க் கோயில் திடல் மேடைகள் எப்படி ஒயரிங் செய்யப்படுகின்றன என்று உன் மாமாவுக்குத் தெரியும், கேட்டுப் பார்.

ஆம்ப் வாங்குவதற்கு முன்னாலேயே ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, நீ குத்தப்போகும் பாயிண்டைப் பார்க்கச் சொல். டெஸ்டர் வைத்துப் பார்த்து "எர்த் இருக்கு" என்று சொன்னால் விடாதே. ஃபேஸுக்கும் (கரண்டு வரும் ஒயர்) எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பு போட்டுக் காட்டச் சொல். பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். மினுக்கினாலோ எரியாவிட்டாலோ எர்த் இல்லை என்று அர்த்தம். அவர் செய்யட்டும், நீ கை வைக்காதே. எர்த் குழி இருந்தும் மங்கலாக எரிந்தால், குழி காய்ந்திருக்கலாம். நம் மண் கல்லும் சரளையும், சித்திரை வைகாசியில் ஒரு பொட்டு ஈரம் இருக்காது. கரியும் உப்பும் போட்ட குழியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலே தேறிவிடும். முடிந்தால் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு லீக் ஆனால் உடனே அணைத்துவிடும் சுவிட்ச்) ஒன்று போடச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேள். கிட்டாருக்கு மட்டுமா, வாஷிங் மெஷினுக்கும் ஹீட்டருக்கும் அதே காவல்.

இங்கேதான் பேட்டரி ஆம்ப் வருகிறது. மெயின் கரண்டோடு அதற்கு உறவே இல்லை. எர்த் சரியாகும் வரை நிம்மதியாக வாசிக்கலாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்டை நிறுத்தினால் மாலை வரை வீட்டில் வேறு என்ன வேலை? அந்த நாளில்தான் எனக்கு நல்ல பயிற்சி நடக்கும். அடாப்டரில் ஓட்டினால் அதோடு வந்த அடாப்டரையே போடு. கைக்குக் கிடைத்ததைப் போட்டால் பிளஸ் மைனஸ் மாறிப்போகும்.

பேட்டரியில் இன்னொரு சுகம், கரண்டு ஒயர் வழியாக வரும் இரைச்சல் இருக்காது. ஆனால் பிக்அப் பிடிக்கும் இரைச்சல் போகாது. உன்னுடையது சிங்கிள் காயில் பிக்அப். அது கம்பியின் அதிர்வை மட்டும் கேட்காது, வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸையும் கேட்கும். டியூப் லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர், சார்ஜர் எல்லாம் அதற்குள் முனகும். இதைத் தாங்க முடியாமல்தான் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் 1950களில் இரண்டு காயிலை எதிரெதிராகச் சேர்த்து ஹம்பக்கர் செய்தார். நீ கிட்டாரோடு அப்படியே நாற்காலியில் சுற்றிப் பார், ஒரு திசையில் முனகல் அடங்கும், அங்கேயே உட்கார். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைவது இயல்பு. கம்பியைத் தொட்டால் விரல் சுருக்கென்று கூசுவது இயல்பல்ல, உடனே அணைத்துவிடு. வீட்டில் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால் கரண்டு போனதும் ஆம்ப் வண்டுபோல ரீங்கரிக்கும், ஆம்பின் மேல் தப்பில்லை. புது ஆம்பை இதற்காகக் கடையில் திருப்பிக் கொடுத்து, ஏன் மாற்ற மாட்டேன் என்கிறார்கள் என்று சண்டை போட்டவர்களும் உண்டு.

வாங்கும் நாள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர் சுமார்தான். அங்கே நாலு ஆம்பை அடுக்கி வைத்து வாசித்துப் பார்க்க முடிகிற கடைகள் உண்டு, சேலம் பக்கமும் கேட்டுப் பார்க்கலாம். ஆறு மாதம் ஆசைப்பட்டுவிட்டு விற்றுவிடுகிற ஐடி பையன்களின் ஆம்ப்களும் பெங்களூரில் அதிகம். பழசு வாங்கினால் எல்லாத் திருகையும் ஒருமுறை முழுக்கச் சுற்றிப் பார். கரகரவென்றால் தூசி, சுத்தம் செய்தால் போய்விடும். ஜாக்கில் கேபிளை ஆட்டினால் சத்தம் விட்டு விட்டு வருகிறதா என்று பார். அதுவும் சின்ன ரிப்பேர்தான், விலையைக் குறைக்க நல்ல சாக்கு. ஸ்பீக்கர் காகிதம் கிழிந்திருந்தால் வேண்டாம்.

உன் கிட்டாரையே எடுத்துக்கொண்டு போ. கடையில் இருக்கும் விலை கூடின கிட்டாரில் எந்த ஆம்பும் நன்றாகத்தான் இருக்கும். கடைப் பையன் வந்து, கரகரப்பைக் கூட்டும் கெய்ன் திருகைத் திருப்பி, சரசரவென்று நாலு லீட் அடித்துக் காட்டுவான். கை தட்டிவிட்டு, சத்தத்தை உன் வீட்டு அளவுக்கு இறக்கு. எதிரே நிற்பவரோடு குரல் உயர்த்தாமல் பேச முடிகிற அளவு. அந்த அளவில் உனக்குத் தெரிந்த இரண்டு கார்டை மட்டும் மெதுவாக மீட்டு. அதிலும் உனக்குப் பிடித்திருந்தால் அதுதான் உன் ஆம்ப். ஹெட்ஃபோனும் கொண்டுபோய்க் குத்திப் பார், சில ஆம்ப்களில் ஸ்பீக்கரில் இனிக்கிற சத்தம் ஹெட்ஃபோனில் கொசு மாதிரி இருக்கும். உனக்கு அது ரொம்ப முக்கியம்.

கேபிளுக்கு 12,000த்தில் கொஞ்சம் ஒதுக்கு. மூன்று மீட்டர் போதும். நீளம் கூடக் கூட டிரெபிள் குறையும், காலில் மாட்டும். ஸ்பீக்கருக்குப் போடும் ஒயரில் ஷீல்டு இருக்காது, அதை வைத்துச் சமாளிக்கலாம் என்று மாமா சொன்னாலும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் பேஸ், மிடில், டிரெபிள் மூன்றையும் நடுவில் வை. கெய்னைக் குறை. எல்லாப் புதியவர்களும் கெய்னை முழுக்கத் திருப்பி வைத்துக்கொள்வார்கள், நானும் வைத்தேன். கரகரப்பு தப்பையெல்லாம் மூடிவிடும், வாசிப்பு பிரமாதமாகத் தோன்றும். கிளீனுக்கு மாற்றினால் எந்தக் கம்பி ஒலிக்காமல் செத்துக் கிடக்கிறது என்று பல்லிளிக்கும். முக்கால்வாசி நேரம் கிளீனில் வாசி, கடைசிப் பத்து நிமிடம் உறுமவிடு. ஆம்பைத் தரையில் வைத்தால் சத்தம் முழங்காலுக்குத்தான் போகும். நீயோ "கேட்கலையே" என்று ஏற்றிக்கொண்டே போவாய். ஸ்டூலில் ஏற்றி, காதைப் பார்க்கும்படி சாய்த்து வை. அந்தப் பொதுச் சுவரை ஒட்டி மட்டும் வைக்காதே. மூலையில் வைத்தால் பேஸ் கூடும், அந்த பேஸ்தான் சுவர் தாண்டிப் போய் அடுத்த வீட்டை எழுப்பும்.

ஹெட்ஃபோனிலும் அளவோடு. வெளியே சத்தம் போகவில்லை என்ற தைரியத்தில் ஏற்றி வைத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், எழுந்த பிறகு காதில் ரீங்காரம் கேட்கும். கேட்டால் அன்றைக்கு அதிகமாகிவிட்டது.

முதலில் அந்தக் குண்டு பல்பை எரியவிட்டுப் பார். எரிந்ததா இல்லையா என்று எழுது, அதற்குப் பிறகு எந்தக் கடை, எந்தப் பஸ் என்று பேசுவோம்.